நாகூம் 2:9: "வெள்ளியைக் கொள்ளையிடுங்கள்" என்று சொல்வது யார்?

ஞாயிறு வகுப்பு ஆசிரியர்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை நான் நடத்தி வருகிறேன். இப்போது நாகூம் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறோம். மூன்றே அதிகாரங்கள், 47 வசனங்கள் என்பதால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் இரண்டாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தில் வகுப்பு நின்றுவிட்டது. அசீரியாவின் தலைநகரான நினிவே விழும் நேரத்தில், வெள்ளியையும் பொன்னையும் கொள்ளையிடுங்கள், செல்வத்துக்கு முடிவே இல்லை என்று ஒரு குரல் கேட்கிறது. வகுப்பில் மூத்தவரான ஓர் அம்மா, "களவு செய்யாதே என்று கற்பித்தவரே கொள்ளையடிக்கவும் சொல்வாரா, தம்பி?" என்று கேட்டார். இன்னோர் இளைஞர், ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இதே வசனத்தை விசுவாசிகளுக்கு வரப்போகும் பண ஆசீர்வாதத்தின் வாக்குத்தத்தமாக அறிவிக்கக் கேட்டதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இது யாருடைய குரல், யாரை நோக்கியது, எபிரெயத்தில் இந்த வசனம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

எழுத்தாணி

ஐயா, முதலில் எண்ணைப் பற்றி ஒரு சொல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 2:9 ஆக இருப்பது எபிரெய மூலத்தில் 2:10. நமக்கு முதல் அதிகாரத்தின் கடைசி வசனமாக வருவது அங்கே இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம். விளக்கவுரைகளைப் பார்க்கும்போது இந்த ஓர் எண் வேறுபாடு குழப்பிவிடும். இங்கே நான் தமிழ் எண்களையே பயன்படுத்துகிறேன்.

எபிரெய வசனத்தை வாய்விட்டுப் படித்தால் இப்படி ஒலிக்கும்: "பொஸ்ஸூ கெஸெஃப், பொஸ்ஸூ ஸாஹாவ், வெஎன் கேட்ஸெ லத்தெகூனா, காவோத் மிக்கோல் கெலி ஹெம்தா." பொஸ்ஸூ என்பது பன்மை ஏவல் வினை, "கொள்ளையிடுங்கள்" என்பது அதற்குச் சரியான தமிழ். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் இதை ஏவலாகக் கொள்ளாமல், "வெள்ளியைக் கொள்ளையிட்டார்கள், பொன்னைக் கொள்ளையிட்டார்கள்" என்று நடந்த செய்தியாகவே தருகிறது. லத்தீன் வுல்காத்தாவோ ஏவலாகவே வைத்திருக்கிறது. உயிர்க்குறிகள் இல்லாமல் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதிய காலத்து ஏடுகளில் இப்படி இரண்டு வாசிப்புகள் தோன்றுவது இயல்பு. இருந்தாலும் இந்த வினையின் இறந்தகாலப் பன்மை, எண்ணாகமம் 31:53-இல் உள்ளது போல, 'ஸ' ஒலிக்குரிய எழுத்து இரண்டு முறை வந்துதான் வழக்கமாக எழுதப்படும். நாகூமில் அது ஒரே முறை வருகிறது. ஆகவே ஏவல் என்ற வாசிப்பே உறுதியானது என்றும், கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கதையோட்டத்தை நேர்ப்படுத்தியிருக்கிறார் என்றும் நான் கருதுகிறேன்.

இனி, குரல் யாருடையது என்ற கேள்வி. முந்தின வசனத்தை விட்டுவிட்டு இதைத் தனியே படிக்கக் கூடாது. அங்கே நினிவே தண்ணீர் வடிந்தோடும் குளம் போல ஆகிறது. ஓடுகிறவர்களைப் பார்த்து யாரோ "நில்லுங்கள், நில்லுங்கள்" என்று கத்துகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த நொடியில் "கொள்ளையிடுங்கள், கொள்ளையிடுங்கள்" என்ற மறு குரல். முதலாவது மதிலுக்கு உள்ளிருந்து வரும் கூக்குரல், இரண்டாவது மதிலேறி வந்தவர்களின் கூக்குரல். இரண்டுமே இரட்டித்து வருகின்றன, இரண்டிலும் சொல்பவர் பெயர் இல்லை. கவிஞர் தெருவில் கேட்ட ஓசைகளை அப்படியே பதிவு செய்கிறார். நடுவில் நின்று 'இவர் சொன்னார், அவர் சொன்னார்' என்று அறிவிப்பதில்லை.

ஆலயமணி

எழுத்தாணி அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அதனோடு முழுவதும் உடன்பட எனக்கு இயலவில்லை. இதே அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தில், "இதோ, நான் உனக்கு விரோதமாக வருவேன்" என்று சேனைகளின் கர்த்தரே நேராகப் பேசுகிறார். நினிவேயின் இரதங்களை எரிப்பதும் அதன் இரையைப் பூமியிலிருந்து அற்றுப்போகச் செய்வதும் அவருடைய செயல்களாகவே சொல்லப்படுகின்றன. அப்படியிருக்க, நான்கு வசனங்களுக்கு முன் வரும் கட்டளையை மட்டும் பெயரறியாத ஒரு படைத்தலைவனிடம் ஒப்படைத்துவிடுவது, நமக்குக் கடினமான ஒன்றை வசதியாக ஒதுக்கி வைப்பதாகாதா? தீர்க்கதரிசியின் வாயில் வரும் ஏவல் தேவனுடைய ஏவல்தான் என்று வாசித்த முன்னோர்கள் பலர் உண்டு.

எழுத்தாணி

ஐயா, உங்கள் மறுப்பு நியாயமானது. வசதிக்காக நான் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் காட்ட, நாகூமில் வேறு ஏவல்கள் எப்படி வருகின்றன என்று பார்ப்போம். 2:1-இல் "அரணைக் காத்துக்கொள், வழியைக் காவல்பண்ணு, அரையைக் கட்டிக்கொள்" என்ற பொருளில் கட்டளைகள் வருகின்றன. அவை நினிவேயை நோக்கியவை. 3:14-இல் முற்றுகைக்குத் தண்ணீர் மொண்டு வை, சேற்றில் இறங்கிக் களிமண்ணை மிதி, செங்கல் சூளையைச் சரிசெய் என்கிறார். அதுவும் நினிவேக்குத்தான். நினிவே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று தேவன் விரும்பினார் என்று அந்த வசனங்களிலிருந்து ஒருவரும் முடிவு கட்டுவதில்லை. தற்காத்துக்கொள் என்று நகரத்துக்கும், கொள்ளையிடு என்று பகைவனுக்கும் ஒரே தீர்க்கதரிசி ஏவுகிறார். இந்தக் கவிதையில் ஏவல் வினை, வாசகரைச் சம்பவத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தும் கருவி. அதை ஒழுக்க அனுமதியாக எடுத்துக்கொண்டால், செங்கல் அறுப்பதையும் பரலோகக் கட்டளையாக எடுக்க வேண்டிவரும்.

டைகிரிஸ் கரை

வரலாறு படித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நினிவே கி.மு. 612-இல் விழுந்தது. பாபிலோனின் நபொபொலாசரும் மேதியரின் கியாக்சரேசும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மாதம் முற்றுகையிட்டார்கள். அப்போது அசீரியாவின் அரசன் சின்-ஷர்-இஷ்குன். இந்த விவரங்கள் பாபிலோனிய நாளாகமக் களிமண் பலகையிலிருந்து கிடைத்தவை. 1923-இல் அது பதிப்பிக்கப்பட்ட பிறகுதான் இந்த ஆண்டுக்கணக்கு உறுதியானது. நகரத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் பெருங்கொள்ளையை வாரிச் சென்று, நகரத்தை மண்மேடாக்கினார்கள் என்று அந்தப் பலகையும் சொல்கிறது. நோ அம்மோன், அதாவது எகிப்தின் தீப்ஸ், கி.மு. 663-இல் வீழ்ந்ததை நாகூம் 3:8 நடந்து முடிந்த செய்தியாகக் குறிப்பிடுவதால், இந்தப் பாடல் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது.

நினிவேயின் பொன்னும் வெள்ளியும் எங்கிருந்து வந்தன என்பதையும் இங்கே கேட்க வேண்டும். டைகிரிஸ் கரையில், இன்றைய மோசூல் நகரத்துக்கு எதிரே இருக்கும் அந்த மேட்டில் வெள்ளிச் சுரங்கம் எதுவும் கிடையாது. கி.மு. 701-இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தபோது யூதாவின் அரசன் எசேக்கியா கொடுத்த கப்பம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்று 2 இராஜாக்கள் 18:14 சொல்கிறது. சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டு பொன் 30 தாலந்து என்று ஒத்துப்போகிறது. வெள்ளியை மட்டும் 800 தாலந்து என்கிறது. அவை அனைத்தும் தன் தலைநகரான நினிவேக்கே பின்னர் அனுப்பிவைக்கப்பட்டன என்றும் அது கூறுகிறது. அந்தப் பொன்னைத் திரட்ட எசேக்கியா ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த தகடுகளைக் கழற்றிக் கொடுத்தான் (2 இராஜாக்கள் 18:16). நாகூமின் முதல் வாசகர்கள் யூதாவைச் சேர்ந்தவர்கள். "பொன்னைக் கொள்ளையிடுங்கள்" என்று கேட்டபோது அவர்கள் கண்முன் வந்தது தகடு கழற்றப்பட்ட அந்தக் கதவுகளாகவும் இருந்திருக்கலாம்.

ஞாயிறு வகுப்பு ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. அந்தக் கதவுச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். நினிவேயின் பொன்னோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆயினும் ஒரு நெருடல் இருக்கிறது. பறிகொடுத்தவர்கள் பறித்தவனின் வீடு கொள்ளை போவதைக் கண்டு மகிழும் பாட்டு இது என்றால், அந்த மகிழ்ச்சியை வகுப்பில் நான் எப்படிக் கற்பிப்பது? மேலும், வசனத்தின் கடைசிப் பகுதி தமிழில் கொஞ்சம் தொங்கி நிற்கிறது. விரும்பத்தக்க சகலவிதப் பொருள்களும் இருக்கிறது என்று முடிகிறதே தவிர, அந்த முடிவு முன்பகுதியோடு எப்படிச் சேருகிறது என்பது விளங்கவில்லை.

எழுத்தாணி

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஐயா. அதனால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

கடைசிப் பகுதி 'காவோத்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. இந்தச் சொல்லின் வேர் 'பாரமாக இருத்தல்' என்பது. அந்தப் பாரத்திலிருந்துதான் மதிப்பு, மகிமை, செல்வம் என்ற பொருள்கள் எல்லாம் கிளைக்கின்றன. ஆதியாகமம் 31:1-இல் லாபானின் மகன்கள், எங்கள் தகப்பனுடையவற்றைக் கொண்டே யாக்கோபு இத்தனை செல்வம் சேர்த்தான் என்று முறையிடும் இடத்திலும் சொல் இதுவே. தமிழர்களான நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமே அல்ல, ஏனென்றால் 'கனம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. மூட்டை கனமாக இருக்கிறது என்கிறோம். தகப்பனையும் தாயையும் கனம்பண்ண வேண்டும் என்கிறோம். அந்தக் கட்டளையில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கனம் என்று எழுதிய இடத்தில் எபிரெயத்தில் இருப்பதும் இந்த வேர்ச்சொல்லே. அவர்கள் எவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்திருக்கிறார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

ஆக, 2:9-இல் இரண்டு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'என் கேட்ஸெ', அதாவது முடிவில்லை, 'காவோத்', அதாவது கனம். இரண்டும் கொள்ளைப் பொருளைப் பற்றியவை. இப்போது 3:3-க்கு வாருங்கள். சாட்டையின் ஓசை, சக்கரங்களின் அதிர்வு, பாயும் குதிரை, மின்னும் ஈட்டி, அதன்பின் வெட்டுண்டவர்களின் திரள். அங்கே எபிரெயம் 'கோவெத் பாகெர், வெஎன் கேட்ஸெ லக்கெவியா' என்கிறது. பிணங்களின் கனம், உடல்களுக்கு முடிவில்லை. அதே வேர்ச்சொல், அதே தொடர். முதல் முறை பொன்னுக்குச் சொன்னதை இரண்டாம் முறை பிணத்துக்குச் சொல்கிறார். 'முடிவில்லை' என்ற தொடர் எபிரெய வேதத்தில் அடிக்கடி வருவதே அல்ல; ஏசாயா 2:7-இல் யூதாவின் பொக்கிஷங்களுக்கு வருகிறது, நாகூம் 3:9-இல் எகிப்தின் பலத்துக்கு வருகிறது. அத்தனை அரிய தொடரை இரண்டு அதிகாரங்களில் இப்படி எதிரெதிரே வைப்பது தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது.

அசீரியர்கள் கணக்கு எழுதுவதில் தேர்ந்தவர்கள். நினிவேயின் அரண்மனைச் சுவர்ச் சிற்பங்களில் இரண்டு எழுத்தர்கள் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒருவர் கையில் எழுதுபலகை, மற்றவர் கையில் சுருள். அவர்கள் முன்னே வெட்டிக் குவித்த தலைகளும் வாரிக் கொண்டுவந்த பொருள்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே கணக்கில் ஏறுகின்றன. அசீரிய அரசன் அசுர்பானிபால் தீப்ஸ் நகரத்தைச் சூறையாடியதை எழுதும்போது, "எண்ணிக்கையில்லாத கனத்த கொள்ளை" என்ற பொருளில் ஒரு தொடரைக் கையாள்கிறான். அங்கே 'கனத்த' என்பதற்கு அக்காதிய மொழியில் வரும் 'கபித்து' என்ற சொல்லும் எபிரெயக் காவோத்தும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அசீரிய அரசர்கள் தங்கள் வெற்றிகளை விளம்பரப்படுத்திய மொழியிலேயே நாகூம் அவர்களுடைய வீழ்ச்சியைப் பாடுகிறார் என்பது என் வாசிப்பு.

அப்படிப் படித்தால் 2:9-இல் மகிழ்ச்சி இருக்கிறதா என்ற கேள்விக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. கொள்ளைக்குரிய கூச்சலைக் கவிஞர் முழு வேகத்தோடு நம் காதில் விழச் செய்கிறார். ஆனால் சில வசனங்கள் தாண்டியதும் அதே சொற்களைப் பிணக்குவியலின்மேல் வைக்கிறார். அவர் எழுதியதை முழுதும் படிக்கிறவர் பொன்னோடு மட்டும் வீடு திரும்ப முடியாது. அந்த இளைஞர் கேட்டதாகச் சொன்ன ஆசீர்வாத அறிவிப்பு 3:3 வரை வாசிக்காததால் வந்தது.

ஆலயமணி

3:3-ஐ எடுத்துக்காட்டியதற்கு மனமார்ந்த நன்றி. என் வேதாகமத்தில் இரண்டு வசனங்களையும் பென்சிலால் கோடிட்டு இணைத்துவிட்டேன். இருந்தாலும் என் நிலையை முழுவதும் விட்டுவிடவில்லை. ஏசாயா 10:6-இல், கொள்ளையிடவும் சூறையாடவும் அசீரியனுக்குக் கட்டளை கொடுத்து அனுப்புவதாகத் தேவனே சொல்கிறார். அங்கே வரும் 'பஸ்' என்ற சொல், நாகூமின் 'பொஸ்ஸூ' பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. ஏசாயா தன் மகனுக்கு இட்ட மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்ற நீண்ட பெயரின் கடைசித் துண்டும் அதே சொல்தான்; தமஸ்குவின் ஆஸ்தியும் சமாரியாவின் கொள்ளையும் அசீரிய அரசனுக்கு முன் கொண்டுபோகப்படும் என்பதற்கு அந்தக் குழந்தை அடையாளம். ஓசியா 13:15, சமாரியாவின் விரும்பத்தக்க பொருள்கள் யாவும் சூறையாடப்படும் என்கிறது. அங்கேயும் நாகூம் 2:9-இன் முடிவில் வரும் 'கெலி ஹெம்தா'தான் (விரும்பத்தக்க பொருள்). அசீரியனை அனுப்பியவரே இப்போது அசீரியனுக்கு எதிராக வேறொருவரை அனுப்புகிறார். குரல் படைவீரனுடையதாக இருக்கலாம். தீர்ப்பு அவனுடையதல்ல என்பதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

எழுத்தாணி

அதை விட்டுக்கொடுக்கும்படி நானும் கேட்க மாட்டேன், ஐயா. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்தக் 'கெலி ஹெம்தா' நினிவேயோடு நின்றுவிடவில்லை. கி.மு. 597-இல், அதாவது நினிவே விழுந்து பதினைந்தே ஆண்டுகளில், எருசலேம் ஆலயத்தின் விலையேறப்பெற்ற பாத்திரங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டதை 2 நாளாகமம் 36:10 இதே சொற்களால் சொல்கிறது. நினிவேயைக் கொள்ளையிட்ட அதே பாபிலோன்தான். யூதாவுக்கு நினிவேயின் கொள்ளையில் பங்கு கிடைத்ததாக எங்கும் ஒரு வரி இல்லை.

மொழிபெயர்ப்பு மேசை

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மொழிபெயர்ப்பில் ஈடுபாடு உள்ளவள் என்பதால் இரண்டு சொற்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். 'தெகூனா' என்பது எபிரெய வேதத்தில் மூன்றே இடங்களில் வருகிறது. எசேக்கியேல் 43:11-இல் ஆலயத்தின் அமைப்பைக் குறிக்கிறது; யோபு 23:3-இல் தேவனுடைய இருப்பிடத்தைக் குறிக்கிறது. நாகூமில் அது, ஒழுங்காக அடுக்கிச் சேர்த்து வைத்த பண்டசாலைச் செல்வத்தைக் குறிக்க வேண்டும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ள 'சம்பத்து' என்றால் பொதுவான செல்வம்தான் மனதில் வருகிறது. 'சேர்த்துவைத்தது' என்ற சாயல் அதில் இல்லை. 'சேமிப்பு' இன்று வங்கிக் கணக்கை நினைவூட்டும். 'இருப்பு' என்று எழுதினால் கணக்குப் புத்தகத்தின் வாசனையும் வந்துவிடும். எழுத்தாணி அவர்கள் சொன்ன எழுத்தர்களுக்கும் அது பொருந்தும்.

அடுத்தது 'மிக்கோல்'. 'எல்லாவற்றிலுமிருந்து' என்றும் கொள்ளலாம், 'எல்லாவற்றையும்விட' என்றும் கொள்ளலாம். கிரேக்கம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. நான் முதலாவதையே விரும்புகிறேன்: விரும்பத்தக்க ஒவ்வொரு பொருளிலிருந்தும் திரண்ட கனம். என் முயற்சி இது:

"வெள்ளியைக் கொள்ளையிடுங்கள், பொன்னைக் கொள்ளையிடுங்கள்! இருப்புக்கு முடிவில்லை, ஆசைக்குரிய பொருள் ஒவ்வொன்றிலும் கனம்."

3:3-க்கு: "வெட்டுண்டோர் திரள், பிணங்களின் கனம், உடல்களுக்கு முடிவில்லை."

'கொள்ளை' என்ற சொல்லை மாற்ற மனம் வரவில்லை. நம் பேச்சில் அதற்கு மிகுதி என்ற பொருளும் உண்டல்லவா? மரம் கொள்ளையாகக் காய்த்திருக்கிறது என்கிறோம். முடிவில்லாத இருப்பைப் பற்றிய வசனத்தில் அந்த இரண்டாம் பொருளும் மெல்லக் கேட்பது நல்லதுதான்.

டைகிரிஸ் கரை

சகோதரியின் 'இருப்பு' மிகவும் பொருத்தமாக இருக்கிறது. அகழாய்வுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேயார்டு 1847-இல் நினிவேயின் குயுஞ்சிக் மேட்டில் சனகெரிப்பின் அரண்மனையைத் தோண்டத் தொடங்கினார். ஹொர்முஸ்த் ரசாம் 1853-இல் அசுர்பானிபாலின் அரண்மனையைக் கண்டார். கிடைத்தவை பெரும்பாலும் கற்சிற்பங்களும் களிமண் பலகைகளும்தான். பொன்னும் வெள்ளியும் மிகச் சொற்பம். தூக்கிச் செல்ல முடியாததும் விலை போகாததும் மட்டும் எஞ்சியிருந்தன. கடைசி அரசன் தன் பொன்னையும் வெள்ளியையும் சிதையில் குவித்து, அதனோடு தானும் எரிந்தான் என்று கிரேக்க எழுத்தாளர்கள் சொல்லிவந்த சர்தனபாலுஸ் கதையைச் சிலர் இதற்குக் காரணமாகக் காட்டுவதுண்டு. கொள்ளையை எதிரிகள் கொண்டுபோனதாகப் பாபிலோனியப் பலகையே சொல்லும்போது அந்தக் கதை தேவையில்லை.

எழுத்தாணி அவர்கள் சொன்ன 3:3-க்கும் மண்ணுக்குள் சாட்சி இருக்கிறது. 1989, 1990 ஆண்டுகளில் கலிபோர்னியப் பல்கலைக்கழக அகழாய்வுக் குழுவினர் நினிவேயின் ஹல்சி வாசலைத் தோண்டியபோது, வாசல்வழியில் விழுந்த இடத்திலேயே கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். அம்புமுனைகளும் உடன் கிடந்தன. அவர்களை அடக்கம் செய்ய ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஞாயிறு வகுப்பு ஆசிரியர்

நேற்று வகுப்பில் இரண்டு வசனங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 'கனம்', 'முடிவில்லை' என்ற சொற்களை வட்டமிட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கன்வென்ஷன் அறிவிப்பைப் பற்றிச் சொன்ன இளைஞர் இரண்டையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு அந்த மூத்த அம்மா, "அப்படியானால் அந்த வாசலில் கிடந்தவர்களில் வெள்ளியைப் பற்றி ஒன்றும் அறியாத கூலிக்காரர்களும் இருந்திருப்பார்களே" என்றார். இருந்திருப்பார்கள் என்றுதான் நான் சொன்னேன்.

மொழிபெயர்ப்பு மேசை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள், அம்மா. "ஒவ்வொன்றிலும் கனம்" என்பதை வகுப்பில் சிலர், பொருள்கள் தூக்க முடியாத எடை என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். செல்வம் என்ற பொருளும் விளங்கும்படி வேறு விதமாக அமைக்க முடியுமா?

மொழிபெயர்ப்பு மேசை

முயன்று பார்த்தேன், ஐயா. "ஆசைக்குரிய பொருள் ஒவ்வொன்றாலும் கனத்த செல்வம்" என்று வைக்கலாம். ஒரு சொல் கூடுகிறது, எபிரெயத்தின் வேகம் சற்றுக் குறைகிறது. ஆனால் 'கனத்த' நிற்பதால் 3:3-இன் 'பிணங்களின் கனம்' தன் இணையை இழக்கவில்லை. அடுத்த ஞாயிறு இதை வாசித்துக் காட்டி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.